கொலோனில் நழுவிய பந்து

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் அகதி விடுதிக்குப் பின்னால் பேஸ்போல் மைதானம் ஒன்று இருந்தது. ஒருநாள் வேலிக்கு வெளியே விழுந்த பந்தை எடுத்து எறிந்தேன். பயிற்சியாளர் என் கையையே பார்த்தார். அடுத்த வாரம் தோல் கையுறை ஒன்றைத் தந்து, மைதானத்தின் வலப்பக்கக் கடைசியில் நிறுத்திவிட்டார்.

அங்கே நிற்பவனுக்குப் பக்கத்தில் ஆளில்லை. உயரே அடிக்கப்படும் பந்துக்காகக் காத்திருக்க வேண்டும். சில நாட்களில் ஒன்றும் வராது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு ஜெர்மன் அரைகுறை. யாரோடும் பேசத் தேவையில்லாத அந்தத் தூரம் வசதியாகத்தான் இருந்தது.

"ஆடு மேய்க்கிறவன் மாதிரி நிக்கிறாய். ஆடு எங்கையடா தம்பி?" என்பார், அறையில் கூட இருந்த அண்ணை.

இரண்டு கோடை போனது. எங்கள் பேஸ்போல் கழகம் முதன்முதலாக ஒருவனைச் சம்பளத்துக்கு எடுக்கப்போவதாகவும், கொலோனில் நடக்கும் கடைசி ஆட்டத்தைப் பார்த்துத் தலைவர் முடிவெடுப்பார் என்றும் பயிற்சியாளர் சொன்னார். அது நானாக இருக்கலாமாம்.

என் விசாவில் எசனை விட்டு வெளியேற அனுமதியில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. அனுமதி கேட்டு அன்றாக், அதாவது விண்ணப்பம், எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

"பிடிச்சால் அகதிக் கேஸ் பழுதாப் போகும். போகாதை," என்றார் அண்ணை.

"ஆர் அண்ணை என்னைப் பாக்கப்போகினம்?"

"ரயில் முழுக்க வெள்ளையள். நீ ஒருத்தன்தான் கறுப்பு. வேறை ஆரைப் பாப்பாங்கள்?" ஆணியில் தொங்கியதை எடுத்து நீட்டினார். "சரி, என்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு போ. ஒஃபீசர் மாதிரி இருக்கும்."

போனேன். வெகுநேரம் என் பக்கம் ஒரு பந்தும் வரவில்லை. பிறகு இரண்டு பொலிஸ்காரர் வாசலால் வந்து, வேலியோரமாக என்னை நோக்கி நடந்தார்கள். ஒருவர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். என்ன பதில் சொல்வது, எந்தப் பேப்பரைக் காட்டுவது, எப்போது ஊருக்குத் திருப்பி விமானத்தில் ஏற்றுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது மட்டைச் சத்தம் கேட்டது.

கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கக்கூடிய பந்து. நான் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொலிஸ்காரர் இருவர் கையிலும் பாணுக்குள் வைத்த சொசேஜ்; ஆட்டம் பார்க்க வந்தவர்கள். பந்து எனக்குப் பத்தடி பின்னால் விழுந்தது. வாய் நிறைந்தபடியே ஒருவர் பதறிப்போய் விரலை நீட்டினார்: "அங்கே! அங்கே!"

இடப்பக்கத்தில் நின்றவனுக்கு ஒப்பந்தம் போனது.

"எங்கே பார்த்தாய்?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

வெயில் கண்ணில் அடித்தது என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. என் கையுறையை வாங்கிப் பைக்குள் வைத்தார்.