அரை வைத்தியரும் ஒரே அப்பாவும்

“அப்பா, இங்க பாருங்க. நான் யாரு?”

பல் துலக்குவதற்கு முன்பே நாற்காலிக்கு எதிரே குந்திக்கொண்டு பரீட்சையைத் தொடங்கிவிடுவார், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மறதி நோய் கண்ட அவருடைய அப்பா, மகன் முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாகவே பதில் சொல்வார்: “தெரிஞ்ச முகம்தான். உக்காருங்க, என்ன வேணும்?”

“ஃபெயில்!” என்று அடுப்படியைப் பார்த்துக் கத்துவார் மகன், ஃபெயிலானது ஏதோ மனைவி என்பதுபோல. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் கிழவருக்குப் புரிந்துவிடும். மத்தியானம் வரை நாற்காலிக் கையைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

தொழில் டைல்ஸ் கடை. ஆனால் எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயர் அரை வைத்தியர். ஆயிரம் பேரைக் கொன்றவன்தான் அரை வைத்தியன் என்கிறது பழமொழி. இவருக்கு அவ்வளவு பேர் தேவைப்படவில்லை. ஒரே ஒரு அப்பாவை வைத்தே பட்டம் வாங்கிவிட்டார்.

நிஜ டாக்டர் ஓர் அம்மாள். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: “இந்த மாத்திரை நோயைப் போக்காது. சில பேருக்கு மறதி முத்தறது கொஞ்சம் மெதுவாகும், தடுமாற்றம் குறையும். மத்தது உங்க கையில இருக்கு. தினம் ஒரே மாதிரி நேரம், கொஞ்சம் நடை, கைக்குப் பழகின வேலை. கேள்வி கேட்டு வதைக்காதீங்க.”

அரை வைத்தியருக்கு முகம் விழுந்துவிட்டது. “போக்காதுன்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் எதுக்கு முழுங்கணும்?” என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார். மறுவாரமே மாத்திரையை நிறுத்தினார். கைபேசியில் எவனோ சொன்னான் என்று தேங்காய் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். அது வயிற்றைக் கலக்கியது. கழுவித் துடைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அவர் கடையில் இருந்தார். பிறகு காந்தம் தைத்த தொப்பி ஒன்று வந்தது. அதைக் கிழவர் ஜன்னல் வழியே வீசிவிட்டார். அந்த வீட்டில் புத்தியோடு நடந்த காரியம் அது ஒன்றுதான்.

மாத்திரை நின்றபின் பொழுது சாய்ந்தாலே கிழவர் “வீட்டுக்குப் போகணும்” என்று கதவை உலுக்க ஆரம்பித்தார். அதற்கும் மருந்து வைத்திருந்தார் மகன். நண்பரின் தூக்க மாத்திரையை வாங்கிப் பாலில் கரைத்துக் கொடுத்தார். அரை மயக்கத்தில் குளியலறைக்குப் போன கிழவர் வழுக்கி விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார். கீழே இருந்தவை கண்ணாடிபோல் மினுக்கும் டைல்ஸ். “நம்ம கடையிலயே உசத்தியானது” என்று எனக்கு அவர் காட்டிப் பெருமைப்பட்டவைதான்.

என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல் போட்டு முடித்ததும், நடந்ததை விசாரித்துத் தெரிந்துகொண்ட அதே டாக்டர் அம்மாள் கேட்டார்: “யாரைக் கேட்டு அதை நிறுத்தினீங்க? யாரைக் கேட்டு இதைக் கொடுத்தீங்க?”

அரை வைத்தியர் கொஞ்சமும் கூசவில்லை. “வீட்ல சரியா கவனிக்கல, டாக்டர்” என்று மனைவியைக் கை காட்டினார்.

வழியெல்லாம் மாமனாரின் தலையை மடியில் தாங்கி வந்தவள் அவள். புடவை முழுக்க ரத்தம். புருஷனை ஏறிட்டும் பார்க்கவில்லை. “ஆமா டாக்டர், நான்தான் கவனிக்கல. இவர் கொடுக்கறப்ப பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன்ல? இனிமே மருந்து டப்பா என்கிட்ட இருக்கட்டும். எப்படிக் கொடுக்கணும்னு சொல்லுங்க.”

டாக்டர் பழைய மாத்திரையைக் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கினார். வீட்டில் குளியலறைக்குச் சொரசொரப்பான விரிப்பும் சுவரில் கைப்பிடியும் வந்தன. காலையில் மருமகள் கேள்வி கேட்பதில்லை, தானே சொல்லிவிடுகிறாள்: “மாமா, நான் உங்க மருமக. வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்.” நோய் போய்விடவில்லை. கிழவருக்கு இன்னும் மகனைத் தெரியாது. ஆனாலும் பொழுது சாய்ந்தால் கதவை உலுக்குவது குறைந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். துணிக்கடையில் விற்பனையாளராக ஆயுசைக் கழித்த மனிதர் அல்லவா? துவைத்த துண்டுகளை ஒரு கூடை நிறைய முன்னால் வைத்திருந்தாள் மருமகள். ஓரத்தோடு ஓரம் பொருத்தி, சுருக்கம் நீவி, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார் கிழவர். “நல்ல சரக்கும்மா, சாயம் போகாது” என்று அவளிடம் சொன்னபோது அந்த முகத்தில் அப்படியொரு தெளிவு.

அரை வைத்தியர் கைபேசியை நீட்டிப் பிடித்தபடி வந்து பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். “வணக்கம். எங்கப்பாவ ஒரே மாசத்துல நான் எப்படித் தேத்தினேன்னு இப்ப சொல்றேன்...” என்று வீடியோவுக்குப் பேச ஆரம்பித்தார். கிழவர் நிமிரவில்லை. பாதி மடித்த துண்டை அவர் கையிலிருந்து உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டு, முகவாயைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பினார் மகன்.