அப்படி யாருமில்லீங்க

பாஸ்போர்ட்டை எல்லோரும் முன்பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். நான் பின்னால் இருந்து பார்க்கிற ஆள். கடைசிப் பக்கத்தில்தான் அப்பா பெயர், அம்மா பெயர், அவற்றுக்குக் கீழே ஊர் முகவரி எல்லாம் இருக்கும். விமான நிலையத்தில் எந்த அதிகாரியும் அந்தப் பக்கத்தைப் புரட்டி நான் பார்த்ததில்லை. புகைப்படத்தை ஒரு பார்வை, என் முகத்தை ஒரு பார்வை, ஒரு முத்திரை, அவ்வளவுதான். அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருக்கும் தன் பெயரை அம்மாவால் படிக்க முடியாது. ஒருமுறை விடுமுறையில் போனபோது விரலை வைத்துக் காட்டினேன். கவர்மெண்டு புஸ்தகத்தில் தன் பெயர் எதற்கு என்று கொஞ்சம் பயந்த குரலில் கேட்டாள். அன்று அதைச் சிரித்துத் தள்ளிவிட்டேன். போன வாரம் எனக்குப் புதிய பாஸ்போர்ட் வந்தது. மேசைமேல் அதே கடைசிப் பக்கம் திறந்து கிடக்கிறது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பத்து வருஷத்துக்கு முன், முதல் பாஸ்போர்ட்டின் காலம் முடியப்போன சமயத்தில் இங்கிருந்தே புதுப்பிக்க விண்ணப்பித்தேன். இந்த நாட்டில் வசிப்பதற்கான அட்டையும் அதே வாக்கில் காலாவதியாக இருந்தது. பாஸ்போர்ட் வந்தால்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் வேலை, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று கம்பெனியில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். விண்ணப்பித்தவன் எந்தக் கடல் தாண்டி உட்கார்ந்திருந்தாலும், அவன் கொடுத்த முகவரிக்கு உள்ளூர்ப் போலீஸ்காரர் ஒருவர் நேரில் போய் விசாரித்து, எல்லாம் சரி என்று எழுதி அனுப்ப வேண்டும். இது எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. தபால்காரர் மாதிரி ஒருவர் வருவார், இரண்டு வார்த்தை கேட்பார், போவார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் அம்மா தனியாகத்தான் இருந்தாள். என் சம்பளத்தில் கட்டிய வீடு, கம்பிக் கதவு போட்ட வாசல். அந்த வாசலில் போலீஸ் வந்து நின்றால் அவளுக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று தகவல் வந்தது. தூதரகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். அந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறதாம். போலீஸ்காரர் தப்பான வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். அலுவலகத்துக்குத் திரும்பி, படிக்கட்டு ஓரம் நின்று அம்மாவைக் கூப்பிட்டு, யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்தாங்க தம்பி. காக்கிப் பேண்ட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் வண்டியில வந்தாரு. உன் பேரைச் சொல்லி இருக்கானான்னாரு. அப்படி யாருமில்லீங்கன்னுட்டேன். உன் மவன்னு சொன்னாங்களேன்னாரு. எனக்கு மவனே கிடையாதுங்கன்னுட்டேன். கூடத்துல நீ பட்டம் வாங்குன போட்டோ மாட்டியிருக்குல்ல, அது தெரியாம வாசல மறைச்சுக்கிட்டு நின்னேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னும் மெல்லக் கேட்டாள். "என்ன சாமி பண்ணுன? எதுவா இருந்தாலும் பரவால்ல, அங்கயே இரு. இப்ப ஊருக்கு வராத."

அந்தக் குரலில் பயம் கொஞ்சம்தான் இருந்தது. மீதியெல்லாம் பெருமை. ஒப்படைத்த வேலையைப் பிசகாமல் முடித்தவளின் பெருமை. நான் கத்தினேன். உன்னால் என் வேலை போகப்போகிறது, ஒரு வார்த்தை என்னைக் கேட்கக் கூடாதா, படிக்காத ஜனங்களோடு இதுதான் தொல்லை என்று என்னென்னவோ சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எங்கள் பிரிவு மேலாளர் படியில் நின்றிருந்தார். பேராவூரணிப் பக்கம் பெரிய தென்னந்தோப்புக்காரர், என்மேல் பிரியமானவர். என்ன ஆயிற்று என்று கேட்டார். பெற்ற தாய் போலீஸிடம் பிள்ளையே இல்லை என்று ஏன் சொன்னாள் என்று விளக்க வேண்டுமானால், நான் எந்தத் தெருவிலிருந்து வந்தவன், என் அப்பா யார் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்தில் நான் நன்னிலத்துக்காரன். அதற்கு மேல் யாரையும் உள்ளே விட்டதில்லை. "அம்மாவுக்குக் கொஞ்சம் ஞாபக மறதி சார்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. தன் அப்பாவும் கடைசியில் அப்படித்தான் இருந்தார் என்று சொல்லி, தஞ்சாவூரில் ஒரு நல்ல டாக்டரின் பெயரையும் எழுதிக்கொடுத்தார்.

என் அம்மா எந்த வருஷம் எந்த வயலில் யார் யாரோடு நின்று நடவு நட்டாள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லக்கூடியவள். மறந்திருந்தது நான்தான். எங்கள் தெரு கூலி வேலைக்குப் போகிறவர்களின் தெரு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுவடைக்குப் போகாமல் நின்ற காலங்களில் அப்பா கொடி பிடித்து முன்னால் நடந்தவர். அப்போதெல்லாம் தெருவுக்குள் போலீஸ் வந்தால் ஆண்கள் வாய்க்காலைத் தாண்டி மூங்கில் கொல்லைக்குள் போய்விடுவார்கள். பெண்கள் நகர மாட்டார்கள். அவரவர் வாசலில் நிற்பார்கள். எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான், அப்படி யாருமில்லீங்க. கேட்டது தன் புருஷனின் பெயராக இருந்தாலும், அவன் பிள்ளை இடுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அதே பதில். எங்கள் தெருப் பெண்கள் யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததாகப் பேச்சு இல்லை.

பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கியிருந்தார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட ஒரு குழு வந்தது. அதில் ஒருவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். என் முறை வந்ததும் அப்பா பெயரைக் கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் எடுத்துச் சொல்லியும் நான் வாயைத் திறக்கவில்லை. சாயந்திரம் வந்து அம்மாவிடம் சொன்னதும், அவள் டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுத்தாள். இதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. அந்த வெல்லத்தைத் தின்றவன் நான். அப்படி இருந்தும் அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரியாமல் கத்தினேன்.

அப்பாவும் ஒருமுறை பிடிபட்டார். அம்மா தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போய், ஸ்டேஷனுக்கு எதிரே புங்கமரத்தடியில் பொழுது சாயும்வரை நின்றுவிட்டு, சோற்றை அப்படியே திருப்பி எடுத்துவந்தாள். வெளியே வந்த அப்பா அதற்குப் பிறகு இடது காலைச் சாய்த்துத்தான் நடந்தார். வயலுக்கும் அப்படித்தான் நடந்து போனார். கல்லூரியில் என்னைச் சேர்க்க வந்தபோதும் அப்படித்தான் நடந்து வந்தார்.

மறு விசாரணைக்கு மனு போட்டேன். அம்மாவே ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் போய் வாக்குமூலம் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்றார்கள். அதே ஸ்டேஷன். வெள்ளை அடித்து, முன்னால் கொட்டகை போட்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர இடம்கூட மாறவில்லை. குமாஸ்தாவிடம் பேசுகிற மாதிரி நான் அம்மாவுக்கு போனில் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பையில் எதை வைக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் "சரி தம்பி" என்றாள். போக முடியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்க மாட்டாள், அது வேறு.

துணைக்குச் சித்தி போனாள். அம்மாவின் தங்கை, அடுத்த வீட்டில் இருப்பவள். அன்று நடந்ததைச் சித்தி அப்புறம்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, என்னிடம் சொன்னாள். அம்மா செருப்பைப் படிக்கு வெளியிலேயே கழற்றிவிட்டாளாம். உள்ளே இருந்தவர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். உட்காருங்கம்மா என்று நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்காரவில்லை. என் புகைப்படத்தைக் காட்டி, இவர் உங்கள் மகன்தானா என்று கேட்டார். திரும்பக் கேட்டார். அம்மா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சித்தி தோளைத் தொட்டு, "சொல்லுக்கா, தம்பிதான் சொல்லச் சொல்லுச்சு" என்றிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் "ஆமாங்க, எம் மவன்தாங்க" என்று வாயைத் திறந்தாள். கைநாட்டு வைத்தாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாளாம். "உங்க அத்தான் அடி வாங்கியும் ஒரு பேரைச் சொல்லல. நான் பெத்த புள்ளையவே காட்டிக் குடுத்துட்டனே" என்று சித்தியிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள்.

எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. அட்டை வந்தது, வேலை நிலைத்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். மேலாளர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். பரவாயில்லை சார், மாத்திரை சாப்பிடுகிறார் என்றேன். அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை அவ்வப்போது கேட்டுக்கொண்டேதான் இருந்தார், நானும் பரவாயில்லை சார் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். அந்த நல்ல மனிதருக்கு என் அம்மா கடைசிவரை மறதிக்காரிதான்.

இந்த வருஷம் மறுபடி புதுப்பிக்க வேண்டியிருந்தது. இடையில் அப்பாவின் திதிக்கு ஒரு தரம், சித்தி மகள் கல்யாணத்துக்கு ஒரு தரம் என்று ஊர்ப்பக்கம் போனதோடு சரி. ஊருக்கு வராதே என்று அம்மா அன்று பதறிச் சொன்னாளே, அவள் சொன்னதில் அது ஒன்றைத்தான் நான் தட்டாமல் கேட்டேன். இந்த முறை புத்தியாக நடந்துகொள்வதாக நினைத்து, விண்ணப்பித்த அன்றே அம்மாவைக் கூப்பிட்டேன். போலீஸ் வரும், பயப்பட ஒன்றுமில்லை, என் மகன்தான், முகவரி சரிதான் என்று மட்டும் சொன்னால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "இந்தத் தடவை ஒழுங்கா சொல்லிடுறேன் தம்பி" என்றாள். அவளுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், கண்ணில் புரை. சொன்னது விளங்கியதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

நான் நினைத்ததைவிட அதிகமாகவே விளங்கியிருக்கிறது. போலீஸ்காரர் வந்து, உங்கள் மகன் இந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்று கேட்டதும், "இங்கதாங்க இருக்கான். இப்பத்தான் சாப்பிட்டுட்டு வயப்பக்கம் போனான்" என்றாளாம். மஸ்கட்டிலிருந்து வந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவர் சிரித்திருக்கிறார். அம்மா விடவில்லை. கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டுப்போய்க் கொல்லைப்பக்கக் கொடியைக் காட்டியிருக்கிறாள். அங்கே என் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. என்றைக்கோ நான் விட்டுவிட்டு வந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. நான் போன் செய்த மறுநாளே பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து, தினமும் காலையில் நனைத்துக் கொடியில் போட்டு வைத்தாளாம், எப்போது வந்து பார்த்தாலும் ஈரமாக இருக்கட்டும் என்று. அவர் சட்டையையும் அம்மாவையும் பார்த்துவிட்டு, முகவரி சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இதைச் சித்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

பாஸ்போர்ட் வந்த அன்று அம்மாவிடம் பேசினேன். "சரியா சொன்னனா தம்பி?" என்று கேட்டாள்.

"சரியாத்தாம்மா சொன்ன."

பிள்ளையே இல்லை என்று ஒருமுறை, பிள்ளை வீட்டிலேயே இருக்கிறான் என்று ஒருமுறை. எனக்காக அவள் சொன்ன இரண்டு பொய்யில் முதலாவதை நான் கிட்டத்தட்ட உண்மையாக்கிவிட்டேன். சட்டையை அவள் இன்னும் உள்ளே எடுக்கவில்லையாம். மறுபடி யாராவது விசாரிக்க வந்தால் என்ன செய்வது என்கிறாளாம். தூறல் போட்டால் தடுமாறி ஓடிப்போய் எடுத்துவைத்து, வெயில் வந்ததும் திரும்பப் போடுகிறாள் என்று சித்தி சொன்னாள்.

கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், அதன் கீழே முகவரி. ஒரு எழுத்துப் பிழையில்லை. பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, லீவும் இருக்கிறது, டிக்கெட் போட எந்தத் தடையும் இல்லை. எப்ப வர்றே என்று மட்டும் அம்மா கேட்கவில்லை.