விடுதலை என்று நான் வாசித்த கடிதம்

சண்டை முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில் மன்னார் பட்டினத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம். சின்ன வயதில் சிங்கள ஊர்களில் வளர்ந்ததால் அந்த மொழி எனக்கு வாசிக்க வரும். வேறு தகுதி எதுவும் என்னிடம் இருக்கவில்லை. சிங்களத்தில் வரும் கடிதங்களை ஆட்களுக்குத் தமிழில் சொல்வதுதான் என் வேலை. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் வாசிக்கப் பழகியிருந்தேன்.

ஒருநாள் தலைமன்னாரிலிருந்து ஒரு அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி, தங்கை வீட்டில் ஒதுங்கியிருந்தார். சொந்த வீடும் காணியும் முசலிப் பக்கம் கடலோரமாக இருந்தன. மிதிவெடி எடுத்து முடியாததால் அந்தக் காணி இன்னும் விடுவிக்கப்படவில்லை. அவருடைய புருசன் கடற்றொழில் செய்தவர். சண்டைக் காலத்தில் கடலில் வைத்தே கடற்படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் ஒரு சிறை, பிறகு தெற்கில் இன்னொன்று, அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. எங்கள் சட்டத்தரணி சிறைத் திணைக்களத்துக்கு எழுதிக் கேட்டதற்கு அன்றைக்குத்தான் பதில் வந்திருந்தது.

கடிதத்தை ஒருதரம் வேகமாகப் பார்த்தேன். “அக்கா, அவருக்கு விடுதலை,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “எப்ப?” என்றார்.

எட்டு மாதத்துக்கு முந்தின திகதி ஒன்றைச் சொன்னேன். அவர் மெதுவாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

“என்ன வருத்தமெண்டு எழுதியிருக்கோ?”

என்ன நோயில் செத்தார் என்று கேட்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கார்த்திகை மாதம் முழுவதும் கோயிலில், செத்தபின் வேதனையில் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு விடுதலை கேட்டுச் செபித்து வளர்ந்தவர் அவர். அவர் காதில் விடுதலை என்பது செத்தவர்களுக்குக் கிடைப்பது.

“இல்லை அக்கா. உயிரோடதான். வெளியில விட்டுட்டினம்.”

“விட்டவை எண்டால் ஆள் எங்க தங்கச்சி?”

சட்டத்தரணி சிறைக்குத் தொலைபேசி எடுத்தார். வாசலில் கையெழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதற்கு மேல் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றார். பிறகு சொன்னார்: “நான் இந்தியாவால திரும்பி வந்தது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது அந்தக் காணி ஒண்டுதான். என்னோட ஒருக்கா வாறீங்களோ?”

சனிக்கிழமை பஸ்ஸில் போனோம். இறங்கும்போது உச்சிவெயில். சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஊரின் ஒரு பாதியில்தான் ஆட்கள் திரும்பக் குடியேறியிருந்தார்கள். அந்தப் பாதியிலும் எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்திக் கிடந்தன. நாய்கூடத் தெருவில் இல்லை. ஒரு கடை மட்டும் பாதி திறந்திருந்தது. கடைக்கார அம்மா அக்காவை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் தந்தார்.

“மத்தியானத்தில ஏன் வந்தனீங்கள்? இங்க இந்த நேரம் ஒருத்தரும் வெளியில திரியிறேல்லை.”

“ஏன்?” என்று நான் கேட்டேன்.

அவர் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஊரின் மறுபாதியை மஞ்சள் நாடா கட்டி மறித்திருக்கிறார்கள், உள்ளே மிதிவெடி, யாரும் போவதில்லை என்றார். ஆனால் உச்சிநேரத்தில் அங்கே ஒரு ஆள் நடக்கிறாராம். பலபேர் கண்டிருக்கிறார்கள்.

“அந்த நிலத்தில நடக்கிறார், ஒண்டும் வெடிக்கேல்லை. மனிசன்ர கால் எண்டால் வெடிக்காதோ?” சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கோபிக்காதேங்கோ. முகம் உங்கட அவரின்ர முகம். செத்திட்டார் எண்டு நினைச்சு நாங்கள் பூசையும் குடுத்திட்டம்.”

அக்கா தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

நாடா காற்றில் விர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. மண்டையோடு கீறிய பலகை, முட்பற்றை, தலையில்லாத பனைகள், கூரையில்லாத சுவர்கள். ஒரு சுவருக்கு முன்னால் முற்றம் கூட்டியிருந்தது. விளக்குமாற்றுக் கோடுகள் மணலில் அன்று காலையில் போட்டதுபோல் தெளிவாகக் கிடந்தன. கொடியில் ஒரு சேட்டும் நாலு மீனும் காய்ந்தன.

“அது எங்கட வீடு,” என்றார் அக்கா. பிறகு பலமாக, “இஞ்சாருங்கோ,” என்று புருசனைக் கூப்பிட்டார்.

சுவருக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். நேராக வரவில்லை. ஓரடி முன்னால், இரண்டு அடி இடப்பக்கம், ஒரு கல்லின் மேல், பிறகு வலப்பக்கம். கண்ணுக்குத் தெரியாத படிகளில் இறங்குகிறவரைப்போல் வந்து, நாடாவுக்குக் கொஞ்சம் அப்பால் நின்றார். அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ எப்ப செத்தனீ?” என்று கேட்டார்.

அக்கா அழுதுகொண்டே, “நான் சாகேல்லை. முகாமால திரும்பி வந்திட்டன்,” என்றார். அக்கா இந்தியாவுக்குப் போன படகு கவிழ்ந்துவிட்டதாகச் சிறையில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

எதையாவது சொல்லித் தேற்ற நினைத்து நான் வாயைத் திறந்தேன். “அண்ணை, கடிதம் வந்திருக்கு. உங்களுக்கு விடுதலை கிடைச்சிட்டுது.”

அவர் சட்டென்று பின்வாங்கினார். கால் அந்தத் தடத்தைவிட்டு விலகியது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ பிள்ளை. இயக்கக்காரன் எண்டு, அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை அடிச்சவங்கள்.”

சிறை வாசலில் ஒரு கடுதாசியைக் கொடுத்து ‘போ’ என்றார்களாம். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. யாரிடம் போகிறேன் என்று பார்க்கத்தான் விடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அதனால் ஒருவரும் பின்னால் வர முடியாத இடத்துக்கு வந்துவிட்டார்.

நான் கடிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். அப்போதுதான் கண்டேன், அங்கே இரண்டு சொற்கள் இருந்தன. ‘நிதஹஸ்’ என்பதைத்தான் கந்தோரில் விடுதலை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ‘நிதொஸ்’ என்றொரு சொல் இருந்தது. அவசரத்தில் அதை விழுங்கிவிட்டிருந்தேன்.

“உங்களில குற்றமில்லையாம் அண்ணை. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை எண்டு கண்டுதான் விட்டிருக்கினம்.”

“ஆர் சொன்னது?”

“நீதிபதி. நீங்கள் கூண்டில நிக்கேக்க.”

“எனக்கு ஒருத்தரும் தமிழில சொல்லேல்லை,” என்றார். திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் அவருடைய உதடும் கூடவே அசைந்தது. பிறகு போய்ச் சேட்டை எடுத்துக்கொண்டு, அதே வளைவுகளில் கால் வைத்து வந்து, நாடாவைத் தாண்டினார். நாங்கள் மூவரும் பஸ்ஸுக்கு நடந்தபோது கடைக்கார அம்மா மிச்சக் கதவையும் சாத்தினார்.

அண்ணை தலைமன்னாரில் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கினார். அடுத்த வருஷம் அந்தக் காணியும் விடுவிக்கப்பட்டது. அவர் கூட்டிய முற்றத்திலிருந்தே மிதிவெடிகள் எடுத்தார்களாம். அக்காதான் வந்து சொன்னார்.

ஒருநாள் அந்தக் கடிதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் முத்திரை வைக்க அண்ணை தனியாகக் கந்தோருக்கு வந்தார். எப்படி அண்ணை அதுக்குள்ள நடந்தனீங்கள் என்று கேட்டேன்.

“நான் போகேக்கையே அங்க ஒருத்தர் இருந்தவர். அவர் கால் வைச்ச இடத்திலதான் நானும் வைச்சனான்.”

“ஆர் அவர்?”

“தெரியாது. கதைக்கமாட்டார். மத்தியானத்தில மட்டும் நடப்பார்.” கடுதாசியை நான்காக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். போகாமல் நின்றார். “பிள்ளை, அவருக்கும் இப்பிடி ஒரு கடிதம் எடுக்கேலுமோ?”

“பேர் வேணும் அண்ணை,” என்றேன்.

அவர் சரியென்று தலையை ஆட்டினார். அதை யோசித்துக்கொண்டே படியிறங்கி, பஸ் நிலையப் பக்கம் போனார்.