குற்றாலத்தில் நான் ஆடாத ஆட்டம்

எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் பூங்காவில் அந்த ஜூலை மாதம் தினமும் மாலையில் எட்டு ஆண்கள் வந்து ஒரு மரத்தோடு கயிறு இழுத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ஆள் கிடையாது. கயிற்றின் மறுமுனையை ஒரு பெரிய மரத்தில் கட்டிவிட்டு, பூட்ஸ் கால்களைத் தரையில் ஊன்றி, ஏறக்குறைய மல்லாந்து படுத்துக்கொண்டு இழுப்பார்கள். ஒருவர் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பார். மரம் அசையாது, இவர்களும் விடமாட்டார்கள். ஒரு மணி நேரம் மரத்திடம் தோற்றுவிட்டு, ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்கள். தென்காசியில் இப்படி நாலு பேர் செய்தால் மறுநாளே அவர்களுக்குப் பட்டப்பெயர் விழுந்திருக்கும். ஜெர்மனியின் இந்தக் கார்ல்ஸ்ரூ நகரத்திலோ நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் மாலை வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள்.

கீழ்வீட்டுத் திருமதி லாங்கிடம் கேட்டேன். "தெரியாதா? நம் ஊரில் உலகப் போட்டி நடக்கப்போகிறது. ஒலிம்பிக்கில் சேர்க்காத விளையாட்டுகளுக்கு மட்டும்" என்றார். கயிறு இழுத்தல், கராத்தே, நீர்ச்சறுக்கு, சக்கரம் வைத்த காலணியில் நடனம் என்று விரல் விட்டு எண்ணினார். எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டையும் ஒலிம்பிக்கில் சேர்க்கவில்லையே! ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து, ஒரே கையால் பிடித்து, பிடித்த வேகத்தில் திருப்பி எறியும் டெனிகாய்ட். வளையப் பந்து என்று தமிழ்நாட்டுப் பெண்கள் பள்ளிகளில் படித்த எல்லாருக்கும் தெரியும். அது நம்முடைய ஆட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நம்முடைய ஆட்டம் என்றால் இந்திய அணி வரும். இந்திய அணி என்றால் தமிழ்ப் பெண்கள் இல்லாமல் இருக்காது. அப்படியானால் பேச்சி வரலாம். அவளுக்கும் என்னைப் போல முப்பத்துநாலு வயது ஆகியிருக்குமே என்று புத்தி சொன்னது. ஆடாவிட்டால் என்ன, கோச்சாக வரக்கூடாதா என்று மனசு அதன் வாயை அடைத்தது.

பேச்சி என்கிற பேச்சியம்மாள் கல்லூரியில் என் ஜோடி. குத்துக்கல்வலசையில் அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் வயல், அண்ணன்மார் இருவரில் ஒருவர் பட்டாளத்தில், ஒருவர் போலீஸில். தானும் காக்கிச் சட்டை போட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பேச்சு. அதற்கு விளையாட்டுக் கோட்டா வேண்டும், கோட்டாவுக்கு மாநில அளவில் ஜெயித்த சான்றிதழ் வேண்டும். தனித்தனியாக ஆடினால் நாங்கள் இரண்டு பேரும் சுமார்தான். சேர்ந்து நின்றால் எங்களைத் தோற்கடிக்க ஆளில்லை. மலையடிவாரத்து மைதானம். ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று சாரலை வாரி முகத்தில் அடிக்கும், வளையம் கையில் வழுக்கும். போதாததற்கு, சுற்றுச்சுவருக்கு அந்தப்பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பையன்கள் நிற்பார்கள். அதனால் நாங்கள் எல்லோருமே இடது கையால் தாவணியை இடுப்போடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஆடப் பழகியிருந்தோம். நான் தாவணியில் கவனம் வைத்தால் பேச்சி கத்துவாள். "ஏட்டி கோமு, எங்கன பாத்துட்டு நிக்க? வளையம் இங்கன வருது!"

மூன்றாம் வருடம் குற்றாலத்தில் சீசன் சமயத்தில் ஒரு மாநிலப் போட்டி வைத்தார்கள். இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆட்டம் என்ற நிலையில், அன்று இரவு சாப்பிடும்போது அப்பா செய்தி சொன்னார். சென்னைக் குடும்பம் ஒன்று சீசனுக்குக் குற்றாலம் வந்திருக்கிறது, பையன் ஜெர்மனியில் இன்ஜினியர், லீவு முடிந்து சீக்கிரம் திரும்ப வேண்டும், நாளைக் காலை அருவியில் குளித்துவிட்டு அப்படியே பெண்ணையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறார்கள். சீசன் சமயத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது வாடிக்கைதான். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே ரயில் செலவில் அருவியும் ஆச்சு, சம்பந்தமும் ஆச்சு. அப்பா என்னைப் பார்த்து, "ஒனக்கு நாளைக்கு மேட்ச் இருக்குல்லா? சாயந்தரமா வரச் சொல்லட்டா?" என்றார்.

இதைப் பதினான்கு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, கதவைப் பூட்டவில்லை. ஜெர்மனி என்ற சொல் காதில் விழுந்த பிறகு எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. "வேண்டாம்ப்பா. அது சும்மா ஆட்டம்தான்" என்றேன். மறுநாள் பத்து மணிக்கு, அருவி ஈரம் காயாத தலையோடு உட்கார்ந்திருந்த ஒரு மனிதருக்கு நான் பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து கிலோமீட்டர் தள்ளி பேச்சி பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று தெரியும். தெருவில் பஸ் சத்தம் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நாலு நாள் கழித்து பேச்சி வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நான் இல்லன்னு சொல்லிரும்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்தேன். அம்மா வாசலுக்குப் போய், "அவ சங்கரன்கோயிலுக்குல்லா போயிருக்கா" என்றாள். "சரிம்மா. வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க." அவ்வளவுதான். அவள் சத்தம் போட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அதற்குப் பிறகு நான் கல்லூரிப் பக்கமே போகவில்லை. ஆவணியில் சென்னையில் கல்யாணம், ஐப்பசியில் விமானம். பேச்சிக்குப் பத்திரிகை அனுப்பவில்லை.

எனவே கார்ல்ஸ்ரூவில் அந்த உலகப் போட்டி தொடங்கியதும் நான் லீவு போட்டுவிட்டு அலைந்தேன். தகவல் மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் டெனிகாய்ட் எங்கே என்று கேட்டேன். அவள் அந்தப் பெயரையே கேட்டதில்லை. ரப்பர் வளையம், எறிய வேண்டும், பிடிக்க வேண்டும் என்று காகிதத்தில் வரைந்தும் காட்டினேன். முகம் மலர்ந்து, வரைபடத்தில் ஒரு நீச்சல் குளத்தைக் குறித்துக் கொடுத்தாள். போய்ப் பார்த்தால், தண்ணீரில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றும் போட்டி நடக்கிறது. என் வளையத்தை அவள் உயிர்காக்கும் மிதவை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். வந்ததற்கு உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து இருக்கைக் கிழவர் என் காகிதத்தை எட்டிப் பார்த்து, "ரிங்டென்னிஸ்! அது இந்தப் போட்டியில் கிடையாதே" என்றார். "ரைன் கரைக் குளியல் தலத்துக்குப் போங்கள். அங்கேதான் ஆடுவார்கள். அது எங்கள் ஊர் ஆட்டம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கப்பலில் பார்த்துவிட்டு வந்து இங்கே தொடங்கிவைத்தது." நான் சிரித்துக்கொண்டே, அது எங்கள் ஊர்ப் பெண்கள் ஆட்டம் என்றேன். அவரும் சிரித்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். உண்மைதான். மரங்களுக்கு நடுவே வலை கட்டி, அறுபது வயது ஆண்களும் பெண்களும் நீச்சல் உடையோடு என் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே வளையம், அதே ஒற்றைக் கைப் பிடி. சுவரும் இல்லை, சைக்கிளும் இல்லை, தாவணியும் இல்லை. எனக்கு ஏனோ கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் இந்த நாட்டிடம் நான் கொடுக்காமல் வைத்திருந்தது இது ஒன்றுதான். அதுவும் இவர்களுடையதாம்! ஊர்சுலா என்ற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு வளையத்தை நீட்டினாள். அவளோடு ஜோடியாக இறங்கினேன். கை மறக்கவில்லை. மூன்றாவது புள்ளிக்கெல்லாம் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் ஊர்சுலா கவலையாகக் கேட்டாள், "இடுப்பில் வலியா? இடது கையை எடுக்கவே இல்லையே." குனிந்து பார்த்தேன். பேன்ட் போட்ட இடுப்பை என் இடது கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தாவணியையும் சுற்றுச்சுவரையும் ஜெர்மன் மொழியில் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? "ஆமாம், பழைய வலி" என்றேன்.

அன்றே பேச்சிக்கு எழுதினேன். அவள் அப்பா பெயரைப் போட்டு, குத்துக்கல்வலசை, தென்காசி வழி என்று விலாசம். எட்டுப் பக்கம். பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நீ நின்ற அந்தக் காலை நேரம் இன்னும் என்னை விடவில்லை, உன் காக்கிச் சட்டையைக் கெடுத்தவள் நான்தான், முடிந்தால் மன்னித்துவிடு என்று எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. பேச்சியின் எழுத்துக்கும் பேச்சுக்கும் வித்தியாசம் கிடையாது.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? நான் எங்க காத்துக் கெடந்தேன்? நீ வரலன்ன ஒடனே பி.டி. டீச்சர் ஃபர்ஸ்ட் இயர் ராமலட்சுமியக் கூட்டியாந்து நிப்பாட்டிட்டாங்க. லிஸ்ட்ல பேர மாத்த நேரமில்ல, கோமதின்னு சொல்லி ஆடுன்னாங்க. ஆடுனா. ஜெயிச்சோம். உள்ளதச் சொன்னா ஒன்னய விட நல்லாவே ஆடுனா. அந்தச் சர்டிபிகேட்ட வச்சுத்தான் வேலைக்குச் சேந்தேன். இப்ப பாளையங்கோட்டையில ஏட்டு. அன்னைக்கு நான் சண்ட போடவா ஒங்க வீட்டுக்கு வந்தேன்? ஒன் சர்டிபிகேட்டக் குடுக்க வந்தேன். நீ உள்ளதான் இருக்கன்னு தெரியும். செருப்பு வாசல்லல்லா கெடந்துச்சு. கல்யாணப் பொண்ணு, வெக்கப்படுதான்னு நெனச்சுட்டுப் போயிட்டேன். இத்தன வருசம் பெட்டியிலேயே கெடந்துச்சு, இதோட வச்சிருக்கேன். ராமலட்சுமி இப்ப அச்சன்புதூர்ல பீடி சுத்துதா. அவளும் வேலைக்கு எழுதிப் போட்டுப் பாத்தா. என்னத்தக் காட்டுவா? எந்தப் பேப்பர்லயும் அவ பேரு இல்லயே."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி அல்ல. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு மனசு வலித்தது. நான் விட்டுவந்த இடம் பதினான்கு வருடம் காலியாகக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அது அரை மணி நேரத்தில் நிரம்பிவிட்டது, அதுவும் என்னைவிட நன்றாக. ஊரைவிட்டு வந்த நம்மில் எத்தனை பேர் இப்படி ஒரு காலி நாற்காலியை மனதில் போட்டு வைத்துக்கொண்டு வாழ்கிறோமோ தெரியவில்லை. ராமலட்சுமி ஞாபகம் வந்தது அதற்குப் பிறகுதான். யாருக்கு நான் தீங்கு செய்தேன் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் முகம்கூட நினைவில்லை.

சான்றிதழின் ஓரம் பழுத்திருந்தது. தென்காசி பெ. கோமதி, இரட்டையர் ஆட்டம், முதலிடம். என் கணவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நான் உன்னைப் பார்க்க வந்த தேதி. நீ எனக்குப் பஜ்ஜிதானே கொடுத்துக்கொண்டிருந்தாய்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காகிதத்தைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் எழுதினேன்: 'இந்த ஆட்டத்தை ஆடி ஜெயித்தது நான் அல்ல, அச்சன்புதூர் ராமலட்சுமி.' அவளுக்கு இனி எந்த வேலையும் இதனால் கிடைக்காது என்று தெரியும். ஆனாலும் ஒரு காகிதத்திலாவது அவள் பெயர் இருக்கட்டும். கீழே பெ. கோமதி என்று கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு வருடமாகக் கணவர் பெயரைச் சேர்த்து ஜெர்மன் எழுத்தில் போட்டுப் பழகிய கைக்கு அந்தத் தமிழ்க் கையெழுத்து வரவில்லை. வேறு தாளில் பத்துப் பன்னிரண்டு முறை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வேறு யாரோ போட்டது மாதிரி இருந்தது. கடைசியில் இப்போதைய கையெழுத்தையே போட்டேன். முன்பக்கத்துப் பெயரும் பின்பக்கத்துக் கையெழுத்தும் ஒரே பெண்ணுடையவை என்று எந்த அலுவலகமும் ஒப்புக்கொள்ளாது. உறையில் வைத்து ஒட்டி, ராமலட்சுமி, அச்சன்புதூர் என்று விலாசமும் எழுதிவிட்டேன். அனுப்புகிறவர் பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.