மகள் மட்டும் வரவில்லை

மலேசியாவில் பாடாங் செராய் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அக்காவும் நானும் களைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலையில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்மீது கைவைத்தான். நான் அழுதுகொண்டே மருந்துப் பம்பைத் தோளில் மாட்டினேன். அக்கா அதை இறக்கிவைத்தார்.

“இவன் இங்க இருக்கிற வரைக்கும் யாரும் மருந்தடிக்கக் கூடாது.”

பெண்கள் எல்லோரும் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம். போலீஸ் வந்து அக்காவை மட்டும் கொண்டுபோனது. மண்டோரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அக்காவுக்கு வேலை போயிற்று, தோட்டத்து வீடும் போயிற்று. இந்த அவமானம் போதும் என்று புருஷனும் விலகிக்கொண்டார்.

அக்கா ஒரே மகளோடு டவுனில் அடுக்குமாடி வீடொன்றில் குடியேறினார். புருஷனிடம் அடிபட்ட பெண்கள் அந்த வீட்டைத் தேடி வந்தார்கள். கோயில் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்தால், “குடும்பத்தைக் கெடுக்கிறவ வந்துட்டா” என்று ஆண்கள் எழுந்து போவார்கள். மிச்சமிருக்கும் நாற்காலிகளைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்குவார்.

மகள் கல்யாணமாகி மெர்போக் போனாள். நாளடைவில் வீட்டுக்கு வருவதே குறைந்தது. கேட்டால், “ஃபேக்டரியில ஓவர்டைம்மா” என்பாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மகளின் உயிர் போய்விட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக மருமகன் சொன்னான். அக்கா மகளின் கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்கு மேலே ஆறிப்போன தழும்புகள், அவற்றின்மேல் புதுக் காயங்கள்.

“எங்கிட்ட ஏன் வரல அவ?” என்று என்னைக் கேட்டார்.

மகளின் பக்கத்து வீட்டுப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஊருக்கே நியாயம் கேக்கிற அம்மாவ, சொந்தப் பொண்ணு கதியப் பாருன்னு எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயந்துச்சு ஆண்ட்டி.”

அக்கா போலீசில் புகார் கொடுத்தார். விசாரணைக்கு வந்தபோது அந்தப் பெண் உட்பட அக்கம்பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழக்கு நிற்கவில்லை.

துக்கம் ஆறுவதற்குள் மருமகனுக்கு யான் என்ற ஊரில் பெண் பார்த்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

“பொண்ணப் பறிகொடுத்த வேதனையில பேசுறீங்க. போய்ட்டு வாங்க லா” என்று பெண்ணின் அப்பா கேட்டைச் சாத்தினார்.

கல்யாணம் நடந்தது.

இப்போதும் அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அக்கா மெர்போக் போகிறார். நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். புது மனைவி கிரில் கதவைத் திறப்பதில்லை. “நான் நல்லாத்தான் இருக்கேன் ஆண்ட்டி” என்று உள்ளிருந்தே சொல்கிறாள். முகத்தை அரைகுறையாகத்தான் காட்டுகிறாள்.

“சரிம்மா. அடுத்த வாரம் வரேன்” என்கிறார் அக்கா.