பேரம் பேசாமல் இறால் வாங்கியவன்

போன வாரம் கும்மிடிப்பூண்டி வண்டியில் பக்கத்து சீட்டுக்காரரின் பையிலிருந்து கருவாட்டு வாசனை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் எழுந்து கதவோரம் போய் நின்றேன், எண்ணூர் தாண்டி வரும் அந்தச் சின்ன ஸ்டேஷனைப் பார்க்க.

அந்தப் பக்கத்து ஆலையில்தான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கமும் கழிமுகத் தண்ணீர். சாயங்கால வண்டி எப்போதும் தாமதம். நான் பாட்டுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவே குற்றமாகிப் போயிற்று. கரையோரக் குப்பத்தை ஏதோ கம்பெனிக்கு எடுக்கப் போகிறார்கள் என்று அப்போது பேச்சு. பேன்ட் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்க்கிறவன் எவனானாலும் நிலம் அளக்க வந்தவன் என்பது குப்பத்துக் கணக்கு.

கழியில் இறால் பிடிக்கிற குடும்பத்துத் தனம் அக்கா ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“இன்னா நைனா, டெய்லி இங்க குந்திகினு இன்னாத்த பாத்துகினு கீறே?”

“சும்மாதான்க்கா.”

“சும்மா எவனாச்சும் தண்ணிய பாப்பானா? கைல இன்னா சுருட்டி வச்சிகீறே?”

மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர். பிரிக்கச் சொன்னார். மயிலோடு முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். எனக்குக் கோபம்தான், ஆனாலும் நம்மை இவ்வளவு பெரிய ஆளாக நினைக்கிறார்களே என்று உள்ளூர ஒரு மிதப்பும் இருந்தது.

அந்த நாட்களில்தான் லுங்கி கட்டிய ஒருவன் அங்கே வந்து போகத் தொடங்கினான். சிரித்த முகம். சொன்ன விலைக்கு இறால் வாங்குவான். பேரம் பேசாமல் மீன் வாங்குகிறவனை நான் நம்புவதில்லை, இன்றைக்கும். அக்கா வீட்டிலேயே சாப்பிட்டான். மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறும், எந்த மேடு மூழ்காது என்று சோற்றோடு சோறாகக் கேட்டுக்கொண்டான். குப்பமே கூட்டிப்போய்க் காட்டியது.

“அக்கா, அந்தாளு ரொம்ப விசாரிக்கிறாரு” என்றேன்.

“அவன் நம்ம வூட்டுப் புள்ள மேரி. லுங்கி கட்டினவன் அளப்பானா? நீ உன் வேலய பாரு.”

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் கம்பெனிக்காரர்கள் வந்து எல்லைக் கல் நட்டார்கள். மூழ்காத மேடு, வலை உலர்த்தும் கரை, அக்காவின் வீடு எல்லாம் கல்லுக்கு உள்ளே போயிற்று. எங்கெங்கே நட வேண்டும் என்று கைகாட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். அன்றைக்குப் பேன்ட் போட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் தனம் அக்கா கூடையில்லாமல் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: “நீயாச்சும் மெய்யா சொல்லு நைனா. நீ யாரு?”

என் பெயர், ஆலையில் என்ன வேலை, அப்பா பெயர், வாடகைக்கு இருந்த தெரு வரை எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பினாரா, தெரியாது.

போன வாரம் அந்த ஸ்டேஷனில் இறங்கியே விட்டேன். குப்பம் இல்லை. தண்ணீர் இருந்த இடத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேடு, அதைச் சுற்றி மதில். ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். நீ யார், இங்கே என்ன பார்க்கிறாய் என்று கேட்க ஒருவரும் இல்லை.