ஆவணியின் கடைசி முகூர்த்தமும் ஓர் இறுதி ஆட்டமும்

நான் இப்போது வசிக்கும் ஊரில் கார் ஹாரனை அழுத்த ஒரே காரணம்தான் உண்டு: கால்பந்தில் ஊர் அணி கோல் போட வேண்டும். மைதானத்தைச் சுற்றிலும் கார்களை உள்பக்கம் பார்க்க நிறுத்தி, குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஆட்டத்தைப் பார்ப்பார்கள். கோல் விழுந்ததும் எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடிப்பார்கள். சென்னை லஸ் முனையில் பல வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. முதல் சனிக்கிழமை, யாருக்கோ வழியை மறித்துவிட்டேன் என்று நினைத்து, கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டு, வண்டியை எடுத்து வேறிடத்தில் நிறுத்தினேன். அங்கும் அடித்தார்கள். மறுபடி எடுத்தேன். ஒரு பெரியவர் கண்ணாடியைத் தட்டி, "நீங்கள் அந்தப் பக்கமா?" என்று கேட்டார். எதிரணியா என்று கேட்கிறார் எனப் புரியாமல், "இல்லை, கணக்குப் பிரிவு" என்றேன். நான் அங்குள்ள பால் பவுடர் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன்.

விக்டோரியா மாநிலத்தின் வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் உள்ள சிறிய ஊர் அது. அங்கே கால்பந்து என்றால் நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்து மாம்பழ வடிவில் இருக்கும், கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு இடையில் போனால் ஆறு புள்ளி. குறி தவறி நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையில் போனாலும் ஒரு புள்ளி தருகிறார்கள், அதற்கு 'பிஹைண்ட்' என்று பெயர். நான் படித்த மயிலாப்பூர்ப் பள்ளியில் கணக்கில் தொண்ணூற்றொன்பது வாங்கினால் மீதி ஒன்று எங்கே என்று விளக்கம் சொல்ல வேண்டும். தவறுக்கு மதிப்பெண் தரும் தேசத்துக்குப் பழக எனக்கு நாளாயிற்று. இரண்டாம் வருடத்தில், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற காரணத்துக்காக, ஸ்கோர் பலகையில் எண் தகடுகளை மாட்டும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அதில் கையெழுத்துக்கு வேலை கிடையாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

என் அக்கா அடையாரில் இருக்கிறாள். அவள் மகள் நித்யாவுக்கு வரன் முடிவானதும், மார்ச் மாதத்தில், தொலைபேசியில் கேட்டாள்: "செப்டம்பர் நடுவுல, ஆவணி கடைசி முகூர்த்தம். உங்களுக்கெல்லாம் தோதுப்படுமோல்லியோ?" நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். பழைய வருடங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். நாங்கள் வந்த பிறகு எங்கள் அணி செப்டம்பரில் ஒரு முறைகூட ஆடியதில்லை. கடைசி இடத்தில் முடிக்கிற அணிகளுக்கு ஆகஸ்டோடு பருவம் முடிந்துவிடும். "தாராளமா வரோம்க்கா, மூணு பேரும்" என்றேன்.

அந்த வருடம் அணி ஜெயிக்கத் தொடங்கியது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜூன் மாதம் ஒருவருக்குக் காரையெலும்பு முறிந்ததால், பதினெட்டு வயதான என் மகன் அரவிந்தை முதல் அணிக்கு எடுத்தார்கள். ஜூலையில் ரொட்டிக் கடைக்காரர் எனக்குக் காசு வாங்காமல் பன் கொடுத்தார். ஆகஸ்டில் கடைத்தெரு முழுக்க மஞ்சளும் கறுப்புமாகக் காகிதத் தோரணம். அரையிறுதியில் ஜெயித்தால் நேரே கிராண்ட் ஃபைனல். அந்த இறுதி ஆட்டம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும், அது சரியாக முகூர்த்த ஞாயிறு. அரையிறுதி அன்று நான் ஸ்கோர் பலகை ஏணியில் நின்றுகொண்டு எதிரணி ஜெயிக்க வேண்டும் என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டேன். வேண்டியபடியே எங்கள் ஊரின் எண்களை ஒவ்வொன்றாக உயர்த்தி மாட்டினேன். கீழே நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஜெயித்த மறுநாள் பயிற்சியாளர் க்ரெக் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியாதா என்று கேட்டார். அடுத்து புரட்டாசி மாதம், அதில் கல்யாணம் செய்யமாட்டோம் என்றேன்.

"யார் முடிவு செய்வது?"

"பஞ்சாங்கம்."

"நான் அவரிடம் பேசிப் பார்க்கட்டுமா?"

அரவிந்த் சிரிக்கவில்லை. தன் பூட்ஸின் கயிறுகளைக் கழற்றித் திரும்பக் கோத்துக்கொண்டிருந்தான். "உங்க இஷ்டம்ப்பா, வரச் சொன்னா வரேன்" என்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு நானும் என் மனைவியும் சமையலறையில் வெகுநேரம் பேசினோம். அவள் அவனோடு இருப்பது, நான் மட்டும் போவது என்று முடிவாயிற்று.

அக்காவிடம் சொன்னேன். அரவிந்த் பிறந்தபோது நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவன் எட்டு வயதுவரை, ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் வரை, பகலெல்லாம் அவள் வீட்டில்தான் வளர்ந்தான். "பந்து விளையாட ஊர்ல வேற பசங்களே இல்லையா?" என்றாள். "எனக்கு இருக்கறது ஒரே மருமான்." அதற்குப் பின் பேசவில்லை. நான் சென்னை வந்து இறங்கிய பிறகும் பேசவில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே நித்யாவிடம், "அவர் காபி சாப்பிட்டாரான்னு கேளு" என்றாள். என்னை ஐம்பத்திரண்டு வருடமாக 'டா' போட்டு அழைத்தவள். மயிலாப்பூரில் உறவைத் துண்டிக்க மரியாதையைப் போல வசதியானது வேறில்லை.

கல்யாணம் மயிலாப்பூரில்தான். மாலை மாற்றலுக்குப் பெண்ணின் மாமனாக நித்யாவைத் தோளில் தூக்கினேன். மாப்பிள்ளைப் பக்கம் ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்த மாமா அகலமான மனிதர். மாலை எட்டாதபடி நான் விலக, அவர் முழங்கை என் விலாவில் பட்டது. க்ரெக்கின் விளையாட்டில் இதற்கு ஃப்ரீ கிக் உண்டு. இங்கே எல்லோரும் கைதட்டினார்கள். பத்து மணிக்குள் தாலி கட்டி முடிந்தது.

அங்கே பிற்பகல் ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலை பத்து. நான் சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு, காதில் ஒயரோடு உட்கார்ந்தேன். வீடியோ எடுக்க வந்திருந்த செல்வம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஆளாளுக்குத் தூக்கினு ஓடறானுங்க?"

சொன்னேன். மகன் ஆடுகிறான் என்றும் சொன்னேன்.

"அத்த சொல்லாம இத்துனூண்டு போன்ல பாத்துக்கினு கீறீங்களே. குடுங்க." மேடை நிகழ்ச்சியைச் சாப்பிடுகிறவர்களுக்குக் காட்ட வைத்திருந்த எல்.இ.டி. திரை சும்மா இருந்தது. நான் யோசித்து முடிப்பதற்குள் அதில் மழையும் சேறும் ஓடத் தொடங்கின. கோல் விழுந்து ஹாரன்கள் ஒலித்தபோது, "அங்கயும் டிராபிக்கா சார்?" என்றார்.

முதல் பந்தி அப்பளத்தை நொறுக்கியபடி பார்த்தது. ரசம் வரும்போது பாதிப் பேர் கறுப்பு மஞ்சள் பக்கம் சேர்ந்திருந்தார்கள். ஆதம்பாக்கம் மாமா மட்டும் எதிரணி. அக்கா பட்டுப்புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வேகமாக வந்தாள். "யாரு இதைப் போட்டது?" அவள் திரையைப் பார்த்தாள்.

"எங்கே அவன்?" என்று திரையிடம் கேட்டாள்.

"பெஞ்சுல."

"என்ன?"

"மாத்தி மாத்தி விடுவாக்கா. இப்போ வெளியில உட்காந்திருக்கான்."

"உட்காத்தியா வெச்சிருக்கா? உட்காரறதுன்னா இங்க வந்து உட்காந்திருக்க மாட்டானா?" பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். யாரோ மாமி விடைபெற வந்தாள். "இருங்கோ, குழந்தையை இன்னும் உள்ளே விடலை" என்றாள் அக்கா.

விட்டார்கள். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் இரு அணியும் சமமாக இருந்தன. எல்லோரும் சேற்றில் ஒரே நிறமாகிவிட்டதால் என்னால் அவனை அடையாளம் காண முடியவில்லை. அக்காவால் முடிந்தது. "அதோ, முட்டி வளைஞ்சு ஓடறானே" என்றாள். முட்டி வளைந்தவன் பந்தைப் பிடித்தான், இருவர் அவன்மேல் விழுமுன் உதைத்தான். அது நடுக் கம்பம் ஒன்றை உரசிக்கொண்டு வெளியே போயிற்று. கூடம் உச்சுக்கொட்டியது. ஒரு புள்ளி. அதன் பிறகு யாரும் எதுவும் போடவில்லை. சைரன் ஒலித்தபோது ஒரு தலைமுறைக்குப் பின் எங்கள் ஊர் பிரீமியர்ஷிப் கோப்பையை வென்றிருந்தது.

"சரியா உதைச்சானா, தப்பா உதைச்சானா?" என்றாள் அக்கா.

"தப்பா."

"அப்புறம் ஏன் கட்டிண்டு அழறா?"

"அதுலதான் ஜெயிச்சா."

கண்ணைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, சமையல் புகை என்றாள். சமையல் மூன்றாம் மாடியில் நடந்தது. "இலை போட்டாச்சு. வந்து சாப்பிடுடா."

சாயங்காலம் மண்டபத்தைக் காலி செய்யுமுன் குடும்பப் படம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கு இடம் விட்டு நிற்கச் சொன்னது அக்காதான். "வுட்டு நில்லுங்க, நான் அப்பால ஏத்திக்கிறேன்" என்றார் செல்வம். காற்றுக்கு ஒதுங்கியவர்களைப் போல, நடுவில் இடைவெளியுடன், இரு பக்கமும் நின்று சிரித்தோம். ஊர் திரும்பியதும் மனைவி புடவை கட்டிய படம் ஒன்றையும், அரவிந்த் வேட்டியில் நின்ற பொங்கல் படம் ஒன்றையும் அனுப்பினேன். செல்வம் பொருத்தி அனுப்பினார், சுத்தமான வேலை. அக்கா அரவிந்தின் படத்தை ஏற்கவில்லை. அன்றைக்கு அவன் எப்படி இருந்தானோ அதையே போடு என்றாளாம். ஆட்டம் முடிந்து பதக்கத்தோடு அவன் நின்ற படத்தை அனுப்பினேன். செல்வம் எனக்கு ஒலிச்செய்தி அனுப்பினார்: "சார், மாமி மேட்ச் போட்டோதான் வோணுங்கறாங்க. அதுல தம்பி பூட்ஸோட கீறாரு. மேடைல எல்லாம் வெறுங்கால்ல நிக்கறாங்களே, காலை மறைச்சுடட்டான்னு கேட்டேன். இருக்கட்டும்ன்ட்டாங்க."

ஆல்பத்தின் ஒரு பிரதி தபாலில் எனக்கு வந்தது. நடுப்பக்கத்தில் குடும்பம் முழுவதும் இருக்கிறது. பஞ்சகச்சமும் பட்டுமாக எல்லோரும் வெறுங்காலில் நிற்கிறோம். நித்யாவுக்கும் அக்காவுக்கும் நடுவில், கழுத்தில் பதக்கமும் முட்டியில் சேறுமாக ஒருவன், மணமேடை ஜமக்காளத்தின்மேல், விக்டோரியாவின் புல் ஒட்டிய பூட்ஸோடு நிற்கிறான்.